சாஃப்ட் சிந்துக்கு மிடி கீபோர்டு வாங்கும் முன்

மிடி கீபோர்டு கன்ட்ரோலருக்குள் ஒலி எதுவும் கிடையாது. கட்டையை அழுத்தினால் அதிலிருந்து கிளம்புவது மிடி என்ற மொழியில் வெறும் எண்கள்: எந்தக் கட்டை, எவ்வளவு வேகம், எப்போது விரலை எடுத்தீர்கள். ஒலி பிறப்பது கணினியில் இருக்கும் வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, டீவா மாதிரியான சாஃப்ட் சிந்தில், அதாவது ஒலி உண்டாக்கும் மென்பொருளில். "இந்தக் கீபோர்டில் சவுண்ட் எப்படி இருக்கும்?" என்று என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். எந்தக் கீபோர்டை மாட்டினாலும் சிந்த் அதே சிந்த்தான். உங்கள் விரல் செய்ததை அந்தக் கீபோர்டு கணினியிடம் எவ்வளவு உண்மையாகச் சொல்கிறது என்பதில்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் பார்த்தால் இது தெரியாது. தட்டுவதற்கு 16 பேட், திருப்புவதற்கு 8 நாப், மேலும் கீழும் நகர்த்த 9 ஃபேடர், கூடவே இத்தனை இலவச மென்பொருள் என்று எண்ணிக்கை போட்டிருப்பார்கள். கட்டையின் தரத்தை எண்ணிச் சொல்ல முடியாது, அதனால் பெட்டியில் அதற்கு இடமே இருக்காது. நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

எத்தனை கட்டை?

நீங்கள் அதிகம் வாசிக்கும் ஒலி எது என்று முதலில் யோசியுங்கள். ஏற்கெனவே ஏதாவது பதிவு செய்திருந்தால் பழைய புராஜெக்ட் நாலைந்தைத் திறந்து பாருங்கள். பேஸ், லீட் மாதிரி ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் வாசிக்கிறீர்களா? நீண்டு நிற்கும் ஸ்ட்ரிங்ஸா? இரண்டு கையாலும் வாசிக்கும் எலெக்ட்ரிக் பியானோவா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

பியானோ கற்றுக்கொண்டு வருபவர்கள் 88 கட்டை இல்லாமல் எப்படி என்று தயங்குகிறார்கள். பியானோதான் உங்கள் முக்கிய வேலை என்றால் தயங்காமல் அதையே வாங்குங்கள். சிந்த் வாசிப்பில் மட்டும் இடது கைக்கு வேலை வேறு. வலது கை கட்டையில் இருக்கும்போது இடது கை வீலிலோ (கட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரம்) நாபிலோ இருக்கும். ஃபில்டரைத் திறந்து ஒலியைப் பிரகாசமாக்குவதும், வைப்ராட்டோ என்ற சுர அசைவை ஏற்றி இறக்குவதும், சுரத்தை வளைப்பதும் வாசிப்பின் ஒரு பகுதிதான். அப்போது இடப்பக்கத்து நாற்பது கட்டைகளும் சும்மா கிடக்கும், வீலோ கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்.

என் மேசையில் இருப்பது 49 கட்டை. இடது கையால் கீழே ஒரு பேஸ் சுரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையில் கார்ட் (பல சுரம் சேர்ந்தது) வாசிக்க இது போதும். லீடும் பேஸும் மட்டும் என்றால் 37 கூடப் போதும். இரண்டு கையாலும் தாராளமாக வாசிக்க 61 வேண்டும். 25 கட்டையில் இரண்டு ஆக்டேவ்தான் (ஒரு ச-விலிருந்து மேல் ச வரை ஓர் ஆக்டேவ்) கிடைக்கும். ஆக்டேவ் பட்டனை அழுத்தி அழுத்தி நகர வேண்டும். யோசனைகளைக் குறித்து வைக்கவும் பையில் எடுத்துப் போகவும் அது நல்லது, ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே கீபோர்டாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரி (பதிவுசெய்த வாத்திய ஒலிகளின் தொகுப்பு) பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: வில்லை இழுப்பது, நரம்பைச் சுண்டுவது என்று வாசிப்பு முறையை மாற்ற அந்த லைப்ரரிகள் பலவும் கீழ்க்கோடிக் கட்டைகளை எடுத்துக்கொள்கின்றன. அப்படியென்றால் 61-க்குக் கீழே போகாதீர்கள்.

மேசையை அளந்து பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். முழு அளவுக் கட்டையில் ஒரு ஆக்டேவ் சுமார் 16.5 செ.மீ. அந்தக் கணக்கில் 25 கட்டைக்கு 35 செ.மீ., 49-க்கு 68, 61-க்கு 85, 88-க்கு 122 செ.மீ. ஆகிறது. இது கட்டைகளின் அகலம் மட்டும். வீல் இடப்பக்கம் இருந்தால் இன்னும் 10, 15 செ.மீ. சேரும். நீளத்தைப் போலவே ஆழமும் முக்கியம், ஏனென்றால் கட்டைக்கு மேலே நாப் வரிசை இருந்தால் மவுஸுக்கு இடம் இருக்காது. கீபோர்டைப் பக்கவாட்டில் தள்ளி வைத்துவிட்டு உடம்பைத் திருப்பித் திருப்பி வாசிப்பவர்கள் சீக்கிரமே வாசிப்பதை விட்டுவிட்டு மவுஸால் சுரத்தை வரையத் தொடங்கிவிடுகிறார்கள். கீபோர்டு உங்களுக்கு நேர் எதிரே, முழங்கை உயரத்தில் நிற்க வேண்டும். அப்படி 61 நிற்காது, 49 நிற்கும் என்றால் 49-தான் உங்களுக்குச் சரி.

கட்டையின் கீழே நடப்பது

ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் பொதுவாக இரண்டு தொடுமுனைகள் இருக்கும். கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று தொடும், அப்புறம் மற்றொன்று. இரண்டுக்கும் நடுவே கழிந்த நேரத்தை வைத்துத்தான் கீபோர்டு வெலாசிட்டியைக் கணக்கிட்டு, 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக அனுப்புகிறது. அதாவது நீங்கள் எவ்வளவு பலமாக அழுத்தினீர்கள் என்று அதற்குத் தெரியாது, எவ்வளவு வேகமாக என்பதுதான் தெரியும். மினி கட்டைகளில் மென்மையாக வாசிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டை இறங்கும் தூரமே குறைவு, அந்தக் குறுகிய தூரத்துக்குள் விரலின் வேகத்தை நிதானமாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். கீபோர்டை கணினியில் மாட்டி, மிடி எண்களைக் காட்டும் மென்பொருள் ஒன்றைத் திறங்கள். விண்டோஸில் மிடி-ஆக்ஸ் இருக்கிறது, மேக்கில் மிடி மானிட்டர் இருக்கிறது. சிந்த் எதையும் திறக்க வேண்டாம், ஒலி இல்லாமலேயே பாருங்கள். நடு சி கட்டையை, அதாவது 60-ஆம் எண்ணை, கட்டை இறங்குவதே தெரியாத அளவுக்கு மெதுவாக அழுத்துங்கள். திரையில் 15, 20 என்று ஏதாவது வரவேண்டும். அடுத்து கொஞ்சம் வேகம், இன்னும் கொஞ்சம் வேகம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். நல்ல கீபோர்டில் 22, 31, 38, 47, 59 என்று எண் உங்கள் விரலோடு கூடவே ஏறும். மோசமானதில் ஒன்றுமே வராமல் இருந்து திடீரென்று 64-க்குத் தாவும். அப்புறம் எப்படி வாசித்தாலும் 80-க்கும் 100-க்கும் நடுவிலேயே சுற்றும். 120-ஐத் தொட மேசை அதிரக் குத்த வேண்டியிருக்கும்.

அது முடிந்ததும் வெள்ளைக் கட்டையின் முன் நுனியில் ஒருமுறை, இரண்டு கருப்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ளே தள்ளி ஒருமுறை, ஒரே வேகத்தில் அழுத்திப் பாருங்கள். சுழலும் இடத்துக்குப் பக்கத்தில் போகப் போக எந்தக் கட்டையும் கனக்கும், ஆனால் எண் பாதியாக விழுந்தால் கார்ட் வாசிக்கும்போது கட்டைவிரல் சுரம் காணாமல் போகும். கருப்புக் கட்டை ஒன்றையும் பக்கத்து வெள்ளைக் கட்டையையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். கடைசியில் எல்லாக் கட்டைகளையும் வரிசையாக ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டே போங்கள். ஏதாவது ஒன்று மட்டும் 20, 30 எண் துள்ளினால் அந்தக் கட்டை என்றைக்கும் உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். டெக்ஸெட் என்று ஒரு இலவச சிந்த் இருக்கிறது, 1983-ல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் எஃப்எம் முறையை (ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி உண்டாக்குவது) அப்படியே கணினிக்குள் கொண்டுவந்தது. அதில் ஒரு எலெக்ட்ரிக் பியானோ பேட்சை, அதாவது சேமித்து வைத்த ஒலி அமைப்பைப் போட்டு வெலாசிட்டி 40-இல் வாசித்தால் உருண்டையான, மங்கலான ஒலி வரும். 110-இல் அதே சுரம் உலோகம் தட்டியது போலக் கணீரென்று பளபளக்கும். வெலாசிட்டி அங்கே சத்தத்தைக் கூட்டுவதோடு நிற்கவில்லை. மாடுலேட்டரின், அதாவது அசைக்கும் அந்த அலையின் அளவையே ஏற்றுகிறது, அதனால் ஒலியின் நிறம் மாறுகிறது. 80-க்குக் கீழே போகாத கீபோர்டில் அந்த உருண்டையான பாதி உங்களுக்குக் கேட்கவே கேட்காது. சிந்த் சரியில்லை என்று வேறு சிந்த் தேடிப் போவீர்கள்.

பெரும்பாலான கீபோர்டுகளில் வெலாசிட்டி கர்வ் மாற்றும் வசதி உண்டு: சாஃப்ட், நார்மல், ஹார்ட் என்று. உங்கள் கை மென்மையானது என்றால் சாஃப்டில் வைத்தால் எண் சீக்கிரம் ஏறும். ஆனால் எல்லா எண்ணையும் மேலேயோ கீழேயோ நகர்த்துவதுதான் கர்வின் வேலை. தாவும் கட்டையை அது சீராக்காது.

1970-ல் வந்த மினிமூக் மாதிரிப் பழைய அனலாக் சிந்துகளின் கட்டைகளுக்கு வெலாசிட்டியே கிடையாது. அந்த வகை ஒலிகளை மட்டும் வாசிப்பவர் என்றால் மேலே சொன்ன சோதனை உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை. கட்டை எவ்வளவு சீக்கிரம் மேலே திரும்பி வருகிறது, ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப அடித்தால் எல்லாம் பதிவாகிறதா என்று பாருங்கள்.

எடை

ஸ்ப்ரிங் வைத்த இலேசான சிந்த் ஆக்‌ஷன், கொஞ்சம் கனம் சேர்த்த செமி வெயிட்டட், பியானோ மாதிரி ஹேமர் ஆக்‌ஷன். கட்டையின் எடையில் இப்படி மூன்று வகை. விலையேறியதுதான் நல்லது என்று நினைத்து ஹேமரை வாங்குபவர்கள் உண்டு. பியானோடெக் மாதிரி பியானோ மென்பொருள் வாசிக்க அதற்கு ஈடில்லை. ஆனால் வேகமான சிந்த் லீடுக்கும், கட்டைமேல் கையைச் சறுக்கி வாசிக்கும் ஆர்கனுக்கும் அது கையைப் பிடித்து இழுக்கும். இரண்டும் வேண்டும், ஒரு கீபோர்டுதான் முடியும் என்றால் செமி வெயிட்டட் 61. சிந்த் மட்டும் என்றால் நல்ல சிந்த் ஆக்‌ஷனே போதும்.

ஆஃப்டர்டச் இருக்கிறதா என்று பாருங்கள், நான் இதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே செலவு செய்யச் சொல்வேன். கட்டையை அழுத்திப் பிடித்த பிறகு இன்னும் அழுத்தினால் போகும் எண் அது. நீண்ட சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, விரலை எடுக்காமலே வைப்ராட்டோவை வரவழைக்கலாம், ஃபில்டரைத் திறக்கலாம். பெரும்பாலானவற்றில் வருவது சேனல் ஆஃப்டர்டச். எந்த விரல் அழுத்தினாலும் எல்லாச் சுரமும் சேர்ந்து மாறும். விரலுக்கு விரல் தனித்தனியாக மாறுவது பாலிஃபோனிக் ஆஃப்டர்டச், 1970களில் யமஹா சிஎஸ்-80-இல் இருந்தது, இப்போது மெல்லத் திரும்பி வருகிறது. எதுவாக இருந்தாலும் மிடி எண்களைக் காட்டும் அந்த மானிட்டர் மென்பொருளில் எண்ணைப் பாருங்கள். 0-இலிருந்து படிப்படியாக ஏறவேண்டும். கொஞ்சம் அழுத்தியதுமே 127-க்குப் போய்விடும் ஆஃப்டர்டச்சை யாரும் பயன்படுத்த முடியாது.

இடது கைக்கு

எனக்குச் சுரத்தை வளைக்கும் பிட்ச் வீலும், வைப்ராட்டோ மாதிரியானதை ஏற்றி இறக்கும் மாட் வீலும் தனித்தனி வீலாக இருக்க வேண்டும். சின்னக் கீபோர்டுகளில் இடம் மிச்சம் பிடிக்க வேறு வழி செய்திருப்பார்கள். அகாய் எம்பிகே மினியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு குட்டி ஜாய்ஸ்டிக், ஆர்ட்டூரியா மினிலேபில் தொடுபட்டை. ஜாய்ஸ்டிக் கையை விட்டதும் நடுவுக்கு வந்துவிடும். பிட்சுக்கு அது சரி. மாட் வீலை நான் பாதியில் நிறுத்திவிட்டு அந்தக் கையால் வேறு வேலை பார்ப்பேன், அது ஜாய்ஸ்டிக்கில் நடக்காது.

மிடியில் சாதாரணக் கன்ட்ரோல் ஒன்றுக்கு 128 படிகள். பிட்ச் பெண்டுக்கு மட்டும் 16,384. காது சுருதியில் அவ்வளவு கூர்மை என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். பல சிந்துகளில் வீலை முழுதாகத் தள்ளினால் இரண்டு அரைச்சுரம் நகரும். பேட்சில் இதை மாற்றிக்கொள்ளலாம். கமகம் பிடித்து வாசிக்க விரும்புகிறவர்கள் உடனே 12-க்கு ஏற்றிவிடுகிறார்கள். வீச்சு கூடக் கூட, வீல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே சுருதி எகிறும். 2-இலோ 3-இலோ வைத்து, நல்ல நீளமாக நகரும் வீலில் பழகினால் கை சுரத்தில் நிற்கக் கற்றுக்கொள்ளும். வீலை விட்டதும் அது சரியாக நடுவுக்குத் திரும்புகிறதா என்பதையும் மானிட்டரில் பாருங்கள். நடு எண் 8192. சில மென்பொருள் இதையே 0 என்று காட்டும். அங்கே வராமல் பக்கத்தில் எங்கோ நின்றால் நீங்கள் வாசிப்பதெல்லாம் சுருதி விலகியே இருக்கும்.

வீல் கார்டில் உள்ள எல்லாச் சுரத்தையும் ஒன்றாகத்தான் வளைக்கும். ஒவ்வொரு விரலும் தன் சுரத்தைத் தனியாக வளைக்க வேண்டும் என்றால் எம்பிஇ (மிடி பாலிஃபோனிக் எக்ஸ்பிரஷன்) கீபோர்டு வேண்டும்: ரோலி சீபோர்டு, எக்ஸ்பிரசிவ் ஈ-யின் ஆஸ்மோஸ் மாதிரி. 2018-ல் மிடி தரத்தில் சேர்ந்த முறை இது. வைட்டலும் சர்ஜ் எக்ஸ்டியும் இதைப் புரிந்துகொள்ளும். வளைந்து வளைந்து போகும் மெலடிதான் உங்கள் உயிர் என்றால் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். பழகக் காலம் பிடிக்கும், ஆனால் வேறு எதிலும் கிடைக்காத ஒன்று அதில் கிடைக்கிறது.

நாப்

எட்டு போதும். நீங்களே வேலை ஒதுக்கிக்கொள்ளும் பொது நாபான மேக்ரோ வைட்டலில் நாலு, சர்ஜ் எக்ஸ்டியில் எட்டு. பேட்சில் நீங்கள் உண்மையில் வாசிக்கும்போது திருப்புவது கட்-ஆஃப் (ஃபில்டர் எவ்வளவு திறந்திருக்கிறது), ரெசனன்ஸ் (அந்த இடத்தில் ஒலியின் கூர்மை), அட்டாக் (ஒலி எழும் நேரம்), ரிலீஸ் (அடங்கும் நேரம்), ரிவெர்ப் (எதிரொலி) அளவு, இவ்வளவுதான். 24 நாப் இருந்தால் எது எதற்கு என்று நினைவு வைத்துக்கொள்ளவே முடியாது.

எண்ணிக்கையைவிட நாப் எந்த வகை என்பது முக்கியம். பொட்டென்ஷியோமீட்டர் வகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றி நின்றுவிடும். புதுப் பேட்சைத் திறக்கிறீர்கள், அதில் கட்-ஆஃப் 90-இல் இருக்கிறது, உங்கள் நாப் 10-இல் இருக்கிறது. தொட்டதும் ஒலி 90-இலிருந்து 11-க்கு விழும். பதிவு நடக்கும்போது இது நேர்ந்தால் அந்த டேக் போனது. முடிவில்லாமல் சுற்றும் என்கோடரில் இந்தச் சிக்கலைத் தவிர்க்கலாம், ஆனால் உங்கள் மென்பொருளும் அதோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் பிக்-அப் முறை இருக்கிறதா என்று பாருங்கள்: நாப் 90-ஐக் கடக்கும்வரை அது எதையும் மாற்றாது.

ஆபிள்டன் லைவோடு நோவேஷன் லாஞ்ச்கீயும், எஃப்எல் ஸ்டூடியோவோடு அதே நிறுவனத்தின் எஃப்எல்கீயும் மாட்டியதுமே ஒத்துழைக்கும்படி செய்யப்பட்டவை. நீங்கள் பயன்படுத்தும் ரெக்கார்டிங் மென்பொருளின் பெயர் தயாரிப்பாளரின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. சிந்தின் நாபில் ரைட் கிளிக் செய்து மிடி லேர்ன் கொடுத்து, கீபோர்டின் நாபைத் திருப்பினால் இரண்டும் இணைந்துவிடும். எல்லா சிந்திலும் முதல் நாப் கட்-ஆஃப் என்று ஒரே ஒழுங்கில் வைத்தீர்களானால் கொஞ்ச நாளில் கை பார்க்காமலேயே போகும்.

மற்றவை

டிரம் பேட்: தாளம் விரலால் தட்டுபவருக்கு மட்டும். பிடித்த கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகத் தானே வாசிக்கும் ஆர்பெஜியேட்டர் மென்பொருளிலேயே இருக்கிறது. சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடலுக்கான ஓட்டை கட்டாயம் வேண்டும், எக்ஸ்பிரஷன் பெடலுக்கும் இருந்தால் மிக நல்லது. இரண்டு கையும் கட்டையில் இருக்கும்போது காலால் ஒலியை ஏற்றி இறக்குவது ஸ்ட்ரிங்ஸுக்கு உயிர் கொடுக்கும். பெடலை மிதித்தால் சுரம் நின்று, விட்டால் நீண்டால், பழுது என்று நினைக்க வேண்டாம். நிறுவனத்துக்கு நிறுவனம் பெடலின் இணைப்பு நேர்மாறாக இருக்கும். பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நொடியில் பெடலின் நிலையைப் பார்த்து அதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். ஆகவே பெடலை முன்பே மாட்டிவிட்டு, காலை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். வேறு சிலவற்றில் பெடலின் அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும்.

தனி டிரைவர் கேட்காத, மாட்டியதும் வேலை செய்யும் யூஎஸ்பி கீபோர்டாகப் பார்த்து வாங்குங்கள். நிறுவனம் டிரைவர் வெளியிடுவதை நிறுத்தினாலும் கீபோர்டு உயிரோடு இருக்கும். பின்னாளில் வெளி சிந்த் வாங்கும் ஆசை இருந்தால் ஐந்து முனை மிடி அவுட் இருக்கட்டும். புளூடூத் மிடி யோசனை குறிக்கப் போதும், தாளத்தோடு ஒட்டி வாசிக்க அதை நம்பமாட்டேன்.

கட்டையை அழுத்தினால் ஒலி தாமதமாக வருகிறது என்று கீபோர்டையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள். தாமதம் பெரும்பாலும் கணினியின் ஆடியோ பஃபரில்தான் (ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்து அனுப்பும் இடம்) இருக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றால் அதற்கு மட்டும் 11.6 மில்லி செகண்ட். 128-க்கு இறக்கினால் 2.9. பழைய மிடி கேபிளில் ஒரு சுரத்தின் செய்தி போய்ச் சேர ஒரு மில்லி செகண்ட்கூட முழுதாக ஆகாது. விண்டோஸில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போட்டு, பஃபரைக் குறைத்துப் பார்த்துவிட்டுத்தான் கீபோர்டைக் குறை சொல்ல வேண்டும்.

பழையதை வாங்குவதில் தவறே இல்லை. மேலே சொன்ன வெலாசிட்டிச் சோதனையோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையை ஒருமுறை அழுத்தினால் இரண்டு நோட் வருகிறதா என்று பாருங்கள்; தொடுமுனை தேய்ந்திருந்தாலோ தூசி அடைந்திருந்தாலோ அப்படி வரும். எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு மானிட்டரை ஒரு நிமிடம் கவனியுங்கள்: 63, 64, 63 என்று ஏதாவது நாப் தானாக எண் அனுப்பிக்கொண்டிருந்தால் அது தேய்ந்த நாப். யூஎஸ்பி ஒயரை மெல்ல ஆட்டிப் பார்த்து இணைப்பு விட்டுப்போகிறதா என்று பாருங்கள். கூட வந்த மென்பொருளின் லைசென்ஸ் பெரும்பாலும் முதலில் வாங்கியவர் பெயரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும், ஆகவே விலை பேசும்போது அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.